பின்னணியில் நடந்துபோகிறவள்

த்ரெஸ் க்ரூசெஸ் பேருந்து நிலையத்தில் படப்பிடிப்பு.
கூட்டத்துக்கு ஆள் வேண்டுமாம்.
ஒருநாள் கூலி, மதியம் ஒரு சாண்ட்விச்.
பல் மருத்துவரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு
வரவேற்பு மேசையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

கதையை ஒரு மூச்சில் சொன்னான்
காதில் வளையமிட்ட துணை இயக்குநர்ப் பையன்:
ஒருத்தி வடக்கிலிருந்து வருகிறாள்,
கழிப்பறையில் முடியை வெட்டுகிறாள்,
வேறொருத்தியாக வெளியே வருகிறாள்.
"சிக்கலான கதை, உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை அம்மா,
பெட்டியை இழுத்துக்கொண்டு
இடமிருந்து வலம் நடந்தால் போதும்."

நடந்தேன்.
கனத்துக்காகப் பெட்டிக்குள்
பழைய தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள்.
மொந்தெவிதேயோவின் மொத்தப் பெயர்களையும்
இரண்டு சக்கரத்தில் வைத்து இழுத்தேன்,
பதினேழு முறை.

கதாநாயகி கண்ணாடிமுன் அழுதாள்.
நன்றாகவே அழுதாள், குறை சொல்ல மாட்டேன்.
ஆனால் அந்த நேரத்தில் அழுகை வராது பெண்ணே,
பசிதான் வரும்.
அர்த்திகாஸிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம்.
பின்னலைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு
மழை நாளில் மட்டும் சுடுகிற பொரித்த ரொட்டி
நான்கு வாங்கி நின்றபடியே தின்றேன்.
விரலெல்லாம் சர்க்கரை.
கழுத்துக்குப் பின்னால் புதிதாய்க் குளிர்.

ரொட்டிக்காரி பெயர் கேட்கவில்லை.
விடுதிக்காரி கேட்டாள்.
எதிர்த் தையற்கடைப் பலகையில்
மிர்த்தா என்று எழுதியிருந்தது.
மிர்த்தா என்றேன்.
காகிதங்கள் பிறகு வந்தன.
காகிதங்கள் எப்போதும் பிறகுதான் வரும்.

படத்தில் அவளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்:
அடிக்கிற கணவன், அடகில் மூழ்கிய வீடு,
கிணற்றில் எறிந்த ஏதோ ஒன்று.
எனக்கு அவ்வளவு நல்ல காரணம் வாய்க்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
அடுக்களையிலிருந்து சொய்லா என்று அம்மா கூப்பிட்டாள்.
நான் திரும்பவில்லை.
யாரையோ கூப்பிடுகிறாள் என்று
சத்தியமாக நினைத்தேன்.

மிர்த்தாவுக்குக் காப்பி பிடிக்கும்.
சொய்லாவுக்கு ஆகாது.
முதல் வருஷம் குமட்டிக் குமட்டிக் குடித்தேன்.
நாய் வேஷம் கட்டினால் குரைக்கத்தானே வேண்டும்.
இப்போது நாலு மணிக்குக் காப்பி இல்லையென்றால்
தலை வலிக்கிறது.
அந்த வலி யாருடையது?
வேஷத்துக்கு வலிக்குமா?

சாயங்காலம் ஒரு படிவம் நீட்டினார்கள்,
படத்தின் கடைசியில் போட.
பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.
பேனா மை கசிந்தது.
இருபத்துமூன்று வருஷம் எழுதாத முதலெழுத்தின் வாலைக்
கை மறந்திருக்கவில்லை.
சொய்லா ரெகேரோ.
பையன் பார்க்கக்கூட இல்லை,
கூலி உறையைத் தந்துவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

குளிர்காலத்தில் படம் வந்தது.
அனிபாலும் நானும் மூன்றாவது வரிசையில்.
நான் வருவது மூன்று வினாடி.
முகம் இல்லை, பாவாடையும் பெட்டியும்,
அதுவும் மங்கல்.
"நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன்" என்றார்
பெருமையாக.

ஜனங்கள் எழுந்து போனார்கள்.
கொடுத்த காசுக்குக் கடைசி எழுத்துவரை படிப்பவர் அவர்,
கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.
விளக்குக்காரர்கள், ஓட்டுநர்கள், ஒப்பனை.
"உன் பெயரைக் காணோமே மிர்த்தா.
விட்டுவிட்டார்கள். நாளைக்கே ஒரு கடிதம் எழுதலாம்."

ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவருக்கும்
சாப்பாடு அனுப்பிய கடைக்கும் நடுவில்
அவள் மேலே ஏறிக்கொண்டிருந்தாள்,
வெள்ளை எழுத்தில், அவசரமே இல்லாமல்.
திரையின் விளிம்பு வந்தது.
தாண்டிப் போனாள்.

விளக்கு போட்டார்கள்.
இருக்கைக்கடியில் தொப்பியைத் தேடியபடி
காப்பி குடிக்கலாமா என்றார் அனிபால்.
பொரித்த ரொட்டி வேண்டும் என்றேன்.
வாசலில் நின்று
வானத்தை அண்ணாந்து பார்த்தார்.
"மழை இல்லையே இன்றைக்கு."