குட்டைக் கையில் ஒரு புள்ளி

ஐஸ் கம்பெனியில் கேட்டு வாங்கிய நொறுங்கலுக்குள்
மூன்று குழாய் ரத்தம்
மூக்கையூரிலிருந்து மதுரைக்கு
என் மடிமேல் வந்தது.
இறாலா என்றாள் பக்கத்து ஸீட்காரி.
ஆமாம் என்றேன்.

சந்தியாகுவுக்குக் காசநோய்.
ஊரில் நாலு பேர் தின்ற அதே மாத்திரைதான்.
மூவரும் இருமல் நின்று கடலுக்குப் போய்விட்டார்கள்.
இவருக்கு மட்டும் ஏழாம் வாரத்தில்
கண் மஞ்சள், சோற்றைப் பார்த்தால் குமட்டல்.

மீன்துறை ஆபீஸில் டோக்கன் கொடுத்தால்தானே
படகு கரையை விடும்?
மருந்துக்கும் அப்படி ஒரு சீட்டு ஒட்டி
வெளியே அனுப்புகிற நொதி உண்டு ஈரலில்.
இவருடையது மெதுவாக எழுதும் குமாஸ்தா.
வரிசை நீண்டு, வெயிலேறி,
உள்ளேயே கைகலப்பு.

அந்த நொதியின் மரபணுவைப் பிரதியெடுத்து
பாக்டீரியாவுக்குள் செருகி
முப்பத்தேழு டிகிரியில் இரவெல்லாம் வைத்தேன்.
விடிந்தால் தட்டு நிறையப் பொட்டுகள்.
நீலத்தில் ஒன்றுமில்லை,
வெள்ளையில்தான் சரக்கு.
கீழமுந்தலில் பிறந்தவளுக்கு
இதை நம்பப் பத்து நாளானது.

பிறகு அந்தப் பிரதியில் ஒளியேற்றி
அவர் அணுக்களின் மேலேயே விட்டேன்.
போய் ஒட்டியது
எட்டாம் குரோமோசோமில், குட்டைக் கையில்.
உலகம் முன்பே குறித்துவைத்த இடம்தான்.
ஆனாலும் இருட்டு அறையில்
கண்ணெடுக்க முடியவில்லை.
இந்த முறைக்கு ஆங்கிலச் சுருக்கம் 'ஃபிஷ்'.
அவரிடம் சொல்லவில்லை, சிரிப்பார்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
வலைக்குவியலில் உட்கார்ந்தபடி
தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
"நாங்களும் இப்படித்தான்.
கோயில் சிலுவையும் ஒத்தப் பனையும்
ஒரே கோட்டுல வந்தாப் பார் கெடக்கும்.
இன்னொரு கோடு இருக்கு.
அத ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

"ரெண்டு எடத்துல மினுங்குதே?"
ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா.
புள்ளி இடத்தைத்தான் சொல்லும்,
எழுத்தெழுத்தாய்ப் படித்ததில்
இரண்டுமே மெதுவானவை என்றேன்.

"எங்கய்யா எதுக்கும் அவசரப்பட்டதில்ல,"
என்றார். "ஆத்தாளுமா?"
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

"சரி, எடத்தக் கண்டுட்டீக.
மீனு கெடக்குதா?"

மாத்திரையின் அளவைக் குறைக்கச் சொல்லி
டாக்டருக்கு எழுதிய கடிதம் பையில் இருந்தது.
அதுதான் இருந்தது.
வாங்கி, படகு லைசென்ஸ் வைத்திருந்த
பாலித்தீன் உறையில் செருகிக்கொண்டார்,
படத்தையும் சேர்த்து.