முதலில் வரும் பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிய ஷூ கம்பெனி
ஆபீஸ் சாமான்களை எடைக்குப் போட்ட அன்று
மூன்று டெர்மினல்களை வாங்கி வந்தேன்.
ஒன்று நானூற்று ஐம்பது.
டிபன் டப்பா அளவு. உள்ளே டிஸ்க் இல்லை, விசிறி இல்லை.
ஒன்றின் நெற்றியில் மட்டும்
"பத்மாசனி, டெஸ்பேட்ச்" என்று ஒரு சீட்டு.
சுரண்டினேன், பாதிதான் வந்தது.
பத்மா என்றே இருக்கட்டும் என விட்டுவிட்டேன்.

சாமியில்லாக் கோயில், தண்ணியில்லா ஆறு
என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
கோயிலுக்குச் சாமி வந்து வருஷங்கள் ஆயிற்று.
ஆற்றிலும் ஒரு கார்த்திகையில் பாலத்தைத் தொட்டது தண்ணீர்.
இல்லாததன் கணக்கு குறைந்துவிடக் கூடாதென்று
டிஸ்க்கில்லாப் பெட்டியை நான் சேர்த்தேன்.

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, மாடி வீடு.
கட்டிலுக்கடியில் ஒரே சர்வர்,
லினக்ஸ், எட்டு ஜிபி, பழைய உடம்பு.
அதிலிருந்து நீலக் கேபிள்
நிலைச்சட்டம் ஏறி, பீரோ முதுகில் இறங்கி
ஸ்விட்சில் மூன்றாய்ப் பிரிந்தது.
"ஆளுக்கொரு டேப் வாங்கினா முடிஞ்சது" என்றார் இம்மானுவேல்.
ஆளுக்கொரு டேப்புக்கு
ஆளுக்கொரு சம்பளம் வேண்டாமா?

பட்டனை அழுத்தியதும் இந்தப் பெட்டிக்குத்
தான் யாரென்று தெரியாது.
முதுகில் பொறித்த பன்னிரண்டு எழுத்தைச் சொல்லி
வீடு முழுக்கக் கூவும்:
யாராவது இருக்கீங்களா? என் எண் என்ன? எங்கே போகணும்?
சர்வர் சொல்ல வேண்டும்,
இது உன் எண், இது நீ எடுக்கவேண்டிய கோப்பு, வா.
அவ்வளவுதான். கர்னல் வந்திறங்கும்,
திரை வெளுக்கும்.

வெளுக்கவில்லை.

சனி ராத்திரி. ஞாயிறு ஆராதனை முடிந்து.
திங்கள், நைட் டியூட்டியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்.
பத்மா மட்டும் நாலு தடவைக்கு ஒரு தடவை எழுந்தாள்.
மற்ற இரண்டிலும் கறுப்பில் ஒரே வரி,
கோப்பின் பெயர் கிடைக்கவில்லை.
சர்வரின் பதிவேட்டைப் புரட்டினால்
கேட்டது, சொன்னேன்.
கேட்டது, சொன்னேன்.
அதன்மேல் குற்றமில்லை.

புதன்கிழமைதான் அகப்பட்டது.
கேபிள்காரர் சம்பங்கி மாட்டிவிட்டுப் போன ரவுட்டர்
ஷோகேஸ் மேல் இரண்டு கொம்போடு உட்கார்ந்து
அதுவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, முந்திக்கொண்டு.
எண்ணைக் கொடுத்தது.
கோப்பைச் சொல்லவில்லை, அதற்குத் தெரியாது.
ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன்,
ஸ்கேன் எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டால்
முதலில் கை நீட்டுபவர் நேற்றுத்தான் வந்தவராக இருப்பார்.

ரவுட்டரில் ஒரே ஒரு டிக்கை எடுத்தேன்.
மூன்றும் எழுந்தன.
ஏனோக்கு பத்மாவில் யானை வரைந்தான்,
பாதியில் எழுந்து சமையலறைப் பெட்டிக்கு ஓடித்
தன் பெயரைத் தட்டினான்.
தும்பிக்கை இல்லாமல் அங்கே நின்றது அதே யானை.
"அம்மா, நடந்தே வந்துடுச்சு!"

அன்று ராத்திரி சாப்பாட்டில் கெசியா கேட்டாள்.
திருச்சி காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது,
ஹாஸ்டல்தான், போகட்டுமா?
அவள் எதைக் கேட்டாலும் இந்த வீட்டில் இரண்டு பதில்.
அவர் முந்தினால், பார்க்கலாம்.
நான் முந்தினால், போ.
முந்தினது செல்லும். பதினேழு வருஷம் அப்படித்தான் ஓடியது.
அன்று ரவுட்டர் நினைப்பில்
நான் வாயை மூடிக்கொண்டேன், அவர் சொல்லட்டும் என்று.
அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்று.
காட்பாடிப் பக்கம் ஒரு ரயில் கூவி, முடித்தது.

பதிலே வராவிட்டால் சில இயந்திரங்கள்
கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்
தமக்குத் தாமே ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும்.
நூற்று அறுபத்தொன்பதில் தொடங்கும்.
அதைப் பார்த்தால் பழுது என்று குறித்துவைப்பது என் வழக்கம்.

"திங்கக்கிழமை ஃபீஸ் கட்டணும்" என்று
கெசியா தட்டோடு எழுந்து போனாள்.
இம்மானுவேல் ரசம் கேட்டார்.
ஊற்றினேன்.