பாதை

வெள்ளி இரவு எட்டுக்குத் தொடங்கிய பேக்கப்
ஞாயிறு பின்னேரமும் முடியவில்லை.
திங்கள் காலை
இரத்தம் கொடுக்க நம்பர் எடுத்தவர்கள்
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்க,
ஒரு ரிப்போர்ட் திரையில் வருமுன்
ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம்.

கேபிளை மாற்று என்றார்கள் கொழும்பிலிருந்து. மாற்றினேன்.
டிஸ்க்கை மாற்று என்றார்கள்.
கடிதம் எழுதி, மூன்று கொட்டேஷன் எடுத்து,
ஆறு மாதம் காத்திருந்து மாற்றினேன்.
அரை மணித்தியாலம் குறைந்தது.

எக்ஸ்ரே படங்கள் யானை மாதிரி.
அசைந்து அசைந்தென்றாலும் போய்ச் சேர்ந்துவிடும்.
வில்லங்கம் இந்தச் சின்னதுகளில்:
மூன்று கிலோபைட், நாலு கிலோபைட்,
ஒருவருடைய சீனி, ஒருவருடைய கொழுப்பு,
பிறந்து இரண்டு நாளான ஒன்றின் மஞ்சள்.
நாற்பத்தொரு லட்சம் கோப்புகள்.
எல்லாவற்றையும் அள்ளினாலும்
பதினாறு கிகாபைட் வராது.

இரவு ஒரு மணிக்கு லொக்கை வரிவரியாக வாசித்தேன்.

திற. பெயர் என்ன. யாருடையது.
யார் பார்க்கலாம். கடைசியாக யார் தொட்டது.
பையைத் திற (இது வைரஸ்காரன்).
சரி. மூடு. அடுத்தது.
திற. பெயர் என்ன.

பதின்மூன்று வயதில் டியூஷனுக்கு
மட்டக்களப்பு போன பஸ்.
செக்பொயின்டில் எல்லாரும் இறங்க வேண்டும்.
அடையாள அட்டை, பை,
பையின் அடியில் சோற்றுப் பார்சல், அதையும் பிரி.
நூறு யார் நடந்து மறுபடி ஏற வேண்டும்.
றோட்டு நல்ல றோட்டு. டிரைவர் கெட்டிக்காரர்.
முப்பது கிலோமீட்டருக்கு நாலு மணித்தியாலம்.
அவ்வளவு நேரமும்
கேள்விக்கும் கேள்விக்கும் இடையில் கிடந்தது.
புது எஞ்சின் போடச் சொல்லி
அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

நான் மண்டூர்க்காரி.
ஒவ்வொரு காலையும் மோட்டார் சைக்கிளோடு
பாதையில் ஏறிக் குருமண்வெளியில் இறங்குகிறவள்.
நடக்கிற வழிக்கும் எங்களிடம் பாதை என்றுதான் பெயர்,
வாவியைக் கடத்திவிடும் மிதவைக்கும் பாதை.
வெளியூர்க்காரருக்குக் குழப்பம்.
இந்தப் பாதை பெயர் கேட்காது.
லாண்ட்மாஸ்டர், இரண்டு ஆடு, யூரியா மூட்டை,
கிளினிக் கொப்பியோடு ஒரு கர்ப்பிணி,
எது எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்க
பலகையோடு சேர்ந்து அக்கரை போகும்.

அடுத்த வெள்ளி நான் கோப்புகளைக் கூப்பிடவில்லை.
அந்த நொடியில் இருந்தபடியே டிஸ்க்கை உறையவைத்து,
கட்டம் கட்டமாக,
உள்ளே யார் என்று எட்டிப் பார்க்காமல் தூக்கினேன்.
எட்டுக்குத் தொடங்கியது. பத்து ஐம்பதுக்கு முடிந்தது.
மறுநாள், மாறிய கட்டங்கள் மட்டும்:
பதினொரு நிமிடம்.
லாப்பில் ஹர்ஷியா கேட்டாள், "பொய்தானே கா?"
எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.
திருப்பி எடுத்துப் பார்க்கும்வரை
அது வெறும் இடம் அடைத்த சாமான்.

பழைய லொக்கின் கடைசி வரி:
தவிர்க்கப்பட்டவை, பதினான்கு.
திறந்து கிடந்தவை, அனுமதி இல்லாதவை.
வாராவாரம் அந்த வரியைப் பார்த்துக்
கையெழுத்து வைத்தவள் நான்.

பஸ்ஸிலும் சில நாள் ஒரு சீட் காலியாக இருக்கும்.
பை இருக்கும்.
டிரைவர் ஹோர்ன் அடிப்பார். இன்னொருக்கா அடிப்பார்.
பிறகு கியர் போடுவார்.

பதினான்கையும் பெயர் சொல்லித் தேடினேன்.
இருந்தன.
பன்னிரண்டு, ஆட்களின் இரத்தம்.
ஒன்று பழுது, திறக்கவேயில்லை.
மற்றது யாரோ டைப் பண்ணி மறந்த
பகல் சாப்பாட்டுக் கணக்கு:
சோறும் கணவாயும் ஐந்து, மரக்கறி இரண்டு,
புவிகரனுக்கு முட்டை வேண்டாம்.

அதையும் அழிக்கவில்லை.
கடைசிப் பாதை ஆறரைக்கு.
இப்போது வெளிக்கிட்டால் பிடிக்கலாம்.