ஒயில் மாற்றிய ஞாயிறு

கிணறு பதினாலு அடி தள்ளி.
முள்ளியவளை மணல் எதை ஊற்றினாலும் குடிக்கும்,
பிறகு தண்ணீரில் திருப்பித் தரும்.
ஒரு சொட்டும் விழக்கூடாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
மொரிஸ் மைனருக்குக் கீழே யூரியாப் பையை விரித்து,
அதன்மேல் போன கிழமைப் பேப்பர்.
மரண அறிவித்தல் பக்கம் மேலே வந்தது,
புரட்டிப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

பத்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்தியிருந்தேன்,
இளஞ்சூட்டில்தான் ஒயில் இளகும்.
வெட்டின கானை ஏந்திச் சம்ப்பை வடித்தது சுலபம்.
சில்லெடுப்பு பில்டர்தான்:
எஞ்சின் விலாவில் தொங்கும் இரும்புக் குவளை,
அடியில் ஒரே ஒரு நீண்ட போல்ட்,
உள்ளே அரைப் போத்தல்,
கழற்றுகிறவரின் முழங்கை வரை வழியக் காத்திருக்கும்.

"வழியத்தான் செய்யும் மிஸ்ஸி,
மரத்தூள் போட்டுக் கூட்டிவிடுங்கோ"
என்றான் மெக்கானிக் புனிதசீலன்.
இருபத்தெட்டு வருஷம் வாட்டில் நின்றவளிடம்
வழியும் என்று சொன்னால்?

பாண் வந்த பையை ஊதி, ஓட்டை பார்த்தேன்.
ஸ்பானரால் அரைச் சுற்று, அதற்குமேல் இல்லை.
பிறகு குவளைக்குப் பையை மாட்டி
வாயை மேலே இழுத்துப் பிடித்து,
பைக்கு வெளியாலேயே விரலால் போல்டைத் திருகினேன்.
தலை தெரிந்த பிறகு அவசரப்படக்கூடாது;
அது தானாக இறங்கும்.
இறங்கியது. ஒரு சொட்டில்லை.

உள்ளே பேப்பர் பில்டர் இல்லை.
நூலால் கட்டிய துணிச்சுருள், தார் நிறத்தில்.
ஒரு முனையைப் போர்செப்ஸால் தூக்கி
மண்ணெண்ணெயில் அலசினேன்.
இடைவிட்ட இழை தெரிந்தது.
ஓரத்தில் தையல் இல்லை.
கோஸ்.
நாலு அங்குல அகலம்.

பாதை பூட்டிக் கிடந்த காலத்து வேலை.
பில்டர் கிடைத்திருக்காது, சரி.
கோஸ் எங்கே கிடைத்தது?
ஒரே துணியை நாங்கள் அவித்து, காயவைத்து,
திரும்ப அவித்து,
போகாத நிறத்தைப் பார்க்காமல் சுருட்டிய நாட்களில்
எவனோ ஒரு முழுச் சுருளைக் காருக்குக் கட்டியிருக்கிறான்.
கோபம் படுத்தபடியே வந்தது.

நெடுங்கேணியில் விற்றவர் தகப்பனின் கார் என்றார்.
பாலைமரத்துக்குக் கீழே கன காலம் நின்றதாம்.
தகப்பன் என்ன செய்தவர் என்று நான் கேட்கவில்லை,
எஞ்சினைப் பற்றித்தான் கேட்டேன்.
பின் சீற் இல்லாமல்
பின்னுக்கிருந்து முன்சீற்றின் பக்கம் வரை
ஏன் பலகை அடித்திருக்கிறது என்றும் கேட்கவில்லை.
ஆள் கிடக்கிற நீளம்.

இரவில் வாட்டு வாசலில் வந்து நின்ற வாகனங்களில்
உள்ளே கிடந்தவரைத்தான் பார்த்தோம்.
என்ன கார், என்ன நம்பர்,
ஓட்டி வந்தவன் சாப்பிட்டானா,
யார் பார்த்தது?
சுருளை இன்னொரு தரம் பார்த்தேன்.
முனையை உள்ளுக்கு மடித்து இறுக்கிச் சுற்றியிருந்தது,
எங்கள் வாட்டில் சுற்றுகிற மாதிரி.
எடுத்துக் கொடுத்தது நானாகவும் இருக்கலாம்.

அந்த யோசனையில் கானை நகர்த்த மறந்தேன்.
மேலிருந்து ஒன்று,
பேப்பரைத் தாண்டி,
மணலில்.

மிச்சம் ஒழுங்காகச் செய்தேன்.
பழைய ரப்பர் வளையத்தைப் பள்ளத்திலிருந்து தோண்டி எடுத்தேன்
(அதன்மேலேயே புதியதை வைத்தால் ஒழுகும்).
ஸ்பிரிங்கும் தட்டு வாசரும் குவளைக்குள் இருக்கின்றனவா என்று
இரண்டு தரம் எண்ணினேன்,
சத்திரசிகிச்சை முடிந்து பஞ்சு எண்ணுவது போல.
புதுப் பில்டர், புது ஒயில்.
பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்டரை இழுத்தேன்.
பதினொன்றாவது எண்ணிக்கையில்
மஞ்சள் லைட் அணைந்தது.

கோஸை எரிக்கத்தான் வேண்டும்.
சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் கொடியில் போட்டேன்,
கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

பின்னேரம் புனிதசீலன் வந்தான்.
குனிந்து காருக்குக் கீழே பார்த்தான்,
கொடியைப் பார்த்தான்.
"எங்க மிஸ்ஸி வழிஞ்சது?"
அள்ளி வைத்த மணலோடு
சிரட்டையை நீட்டினேன்.