பர்மிய மூக்கு

ஏரிக்கரையில் ஓட்டல் எழும்பிய வருஷம்
ரங்கூனில் சிமெண்டுக்குப் பஞ்சம்,
சித்தாளுக்குப் பஞ்சமில்லை.
ருஷ்யாக்காரனுக்குக் களிமண் மிதிக்க
ஒரு ஆள் வேணும் என்றார்கள்.
பாதம் பெரிசு என்று என்னை அனுப்பினார்கள்.

அவன் பெயர் செம்யோன்.
எங்கே போனாலும் பின்னாலேயே ஒருவன்,
தொப்பி போட்ட நிழல்.
கொசு கடித்தால்கூடக் குறித்துக்கொள்வான்.

துபாஷி கோ டின் ஹ்லைங் இடையில் நின்று
பர்மாப் பேச்சில் சொன்ன கதை இது:
பதினேழு வருஷம் இவன் செய்தது ஒரே தலை.
ஸ்டேஷனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பால்பண்ணைக்கு.
அந்த மீசையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வானாம்.
பிறகு ஒரு ராத்திரி எல்லாம் கீழே இறங்கியது.
உடைக்கவும் இவனையே கூப்பிட்டார்களாம்.
எங்கே சன்னம், எங்கே கம்பி என்று
செய்தவனுக்குத்தானே தெரியும்.
உடைத்த கூலி
செய்த கூலியைவிடக் கொஞ்சம் கூடுதல்
என்று சொல்லிச் சிரித்தான்.
நிழல் அந்தப் பக்கம் போனபிறகு
துபாஷியும் சிரித்தான்.

சுவருக்குக் கேட்டிருந்தது:
நெற்கதிர் ஏந்திய பர்மாக்காரி, எட்டடி உயரம்,
சிரிக்க வேண்டும், பல் தெரியக் கூடாது.
அவன் கை வேறு ஒருத்தியைச் செய்தது.
தாடை, காது, இழுத்துக் கட்டிய கூந்தல்,
எதையும் பார்க்காமல் செய்தான்.
யார் என்று நான் கேட்கவில்லை.
தங்கச்சி என்றான், அவனாக. பெயர் ஃப்ரூமா.
நாற்பத்தொன்றில், ஊருக்கு வெளியே, ஒரு பள்ளம்...
அதற்குமேல் சொல் கிடைக்காமல்
துபாஷி சுருட்டுப் பற்றவைத்தான்.

கமிட்டி வந்தது.
கிட்டே பார்த்தது, தள்ளி நின்று பார்த்தது,
மூக்கு நீளம் என்றது.
பர்மிய மூக்கு இல்லையாம்.
பின்னே எந்த மூக்கு என்று யாரும் சொல்லவில்லை.
தொப்பிக்காரன் மட்டும் எழுதிக்கொண்டான்.

மண் அறுக்கும் கம்பியால் ஒரே இழுப்பு.
தங்கச்சி மூக்கு உள்ளங்கையில் கிடந்தது
கொழுக்கட்டை போல.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
என்னைத் திரும்பிப் பார்த்தான்.

தலையில் மண்சட்டியோடு
அரைமணி நேரம் அசையாமல் நின்றேன்.
அந்த அரைமணிக்கு மேஸ்திரி கூலி பிடித்தான்.
மறுபடி வந்த கமிட்டி
இப்போது சரி, இது பர்மியம் என்று
கையெழுத்துப் போட்டது
என் மூக்குக்கு!
ராமநாதபுரத்து ராக்குவின் மூக்குக்கு,
மூக்குத்தி அடகில் மூழ்கி
ஓட்டை தூர்ந்துபோன மூக்குக்கு.

அச்சில் வார்த்த பாளத்தைச் சுவரில் ஏற்றுமுன்
அதன் முதுகில் ஆணியால் கிறுக்கினான்,
வலமிருந்து இடமாக.
மொகல் தெருப் பெயிண்டுக்கடை மரைக்காயர்
கணக்கு நோட்டில் நம் தமிழை அப்படித்தான் எழுதுவார்.
பாயா நீங்க என்றேன்.
நிழல் சாப்பிடப் போயிருந்தது.
நெஞ்சைத் தொட்டு, துபாஷி இல்லாமலே சொன்னான்:
"ஸல்மான்."
அப்ப பாய்தான் என்று நினைத்தேன்.
துபாஷி வந்து விளக்கினான். அவர்கள் அட்டையில்
ஐந்தாவது வரி என்று ஒன்று உண்டாம்,
என்ன இனம் என்று எழுதும் வரி.
எந்த மண்ணில் பிறந்தாலும் அது அழியாதாம்.

அந்தக் கிறுக்கலின்மேல் சிமெண்ட் அப்பியது
நான்தான்.

ஊருக்குப் போகுமுன்
டர்பண்டைன் வேண்டும் என்றான்.
மரைக்காயர் கடைக்குக் கூட்டிப்போனேன்.
அடுத்த கட்டடம் யூதர் கோயில்.
கதவு திறந்துதான் இருந்தது.
எதிர்ச்சாரியில் தொப்பிக்காரன் கரும்புச்சாறு குடித்தான்.
இவன் டர்பண்டைன் விலையை
மூன்று தடவை கேட்டான்.
நாங்கள் திரும்பும்போது
கோயில் படியோரம் காய்ந்த மண்கட்டி ஒன்று கிடந்தது.
வரும்போது அது இல்லை.

அறுபத்துநாலில்
அந்நியர் அட்டையைப் புரட்டிப் பார்த்த ஆபீசர்
நீ பர்மாக்காரி இல்லை, கலாமா என்றான்.
ஏரி இருக்கும் திக்கில் கையைக் காட்டினேன்.

துறைமுகம் அந்தப் பக்கம் இல்லை
என்றான்.