தின்னக்கூடாத பொட்டலம்

சனிக்கிழமை கூலிக் கவரைப் பிரித்ததும்
முதலில் நாற்பது ரூபாயை உருவி
ரவிக்கைக்குள் செருகிக்கொள்வேன்.
ஏகாம்பரத்துக்கு அது தெரியாது,
அல்லது தெரிந்தும் எண்ணாமல் விட்டுவிடுவார்.

பாலாறு திரும்பி வந்த வருஷம்
பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை,
இந்தப் பக்கம் நாங்கள்.
மூன்று நாள் பொறையை டீயில்லாமல் தின்றோம்.
தண்ணி வடிந்ததும் ஆம்பூர் பஜாரில்
நான் முதலில் வாங்கியது அரிசியல்ல,
மூடி இறுகும் ஒரு டப்பா.

முதல் வாரம் உப்பு. உப்புக்குக் கெடு இல்லை.
அடுத்த வாரம் புளி, கொட்டை எடுத்தது.
மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை, ஹேமாவுக்குக் காய்ச்சல்.
பிறகு கேழ்வரகு: ஏழையின் தானியம்,
பூச்சிகூட அண்டாத திமிர் அதற்கு.
மாசத்தில் ஒரு ஞாயிறு பிரியாணியை விட்டால்
துவரை முக்கால் கிலோ.
அன்று தெருவே மணக்கும்.
ஜன்னலைச் சாத்திவிட்டுப்
பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவேன்.

கம்பெனியில் சொல்யூஷன் டப்பா சும்மா கிடைக்கும்.
ஏகாம்பரம் இரண்டு கொண்டுவந்தார்.
நாலு தரம் கழுவினேன், போகவில்லை.
ஒன்பது வருஷமாய் மூக்கில் இருக்கிற வாசனை
வயிற்றுக்கும் வேண்டாம் என்று
கவிழ்த்துப் போட்டேன், பரணுக்கு ஏற.

பேக்கிங்கில் நிற்கும் தில்ஷாத்
கீழே சிந்தியதைப் பொறுக்கித் தருவாள்:
ஷூ பெட்டிக்குள் ஈரம் குடிக்கப் போடுகிற
கட்டைவிரல் அகலப் பொட்டலம்.
‘தின்னாதே’ என்று நாலு பாஷையில் எழுதியிருக்கும்,
நாலிலும் தமிழ் இல்லை.
கேட்டில் சோதிக்கிறவள் கேட்டாள், “இன்னாடி, மாத்திரையா?”
“ஆமாம், அரிசிக்கு.”

நான் பயந்தது தண்ணிக்கு.
வந்தது தாள்.
சித்திரை வெயிலில் கேட்டில் ஒட்டியிருந்தார்கள்:
ஆர்டர் ரத்து, மறு அறிவிப்பு வரும்வரை.
தோல் ஏற்றுகிற லோடு ஆட்டோவும் படுத்துவிட்டது.

கட்டிலின் கீழ்ப்பலகையில்
சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தேன்:
மூணு பேர், நாற்பது நாள்.
சுவருக்கு அந்தப்புறம் தில்ஷாத் வீட்டில் ஐந்து பேர்.
எட்டுப் பேருக்கு வகுத்தால் பதினைந்து.
அழித்துவிட்டு மறுபடி வகுத்தேன்.
பதினைந்துதான்.
அன்று ராத்திரி நான் குக்கர் வைக்கவில்லை,
விசில் கேட்குமே என்று
மூடி போட்ட குண்டானில் வடித்தேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தாள்.
“தீப்பெட்டி இருக்குமா?”
என்னிடம் ஒரு டஜன் இருந்தது.
அடுப்பில் ஏற்ற ஏதும் இல்லாதவள்தான்
தீப்பெட்டி மட்டும் கேட்பாள்.
வாசலில் நின்றவளின் பார்வை
என்னைத் தாண்டிக் குண்டானுக்குப் போய்
சட்டென்று தரைக்கு இறங்கியது.
கவிழ்த்த டப்பாமேல் ஏறினேன்.
“இதைப் பிடி, கனமாயிருக்கும்.”

டப்பா இறங்கிய பதினெட்டாம் நாள் கம்பெனி கூப்பிட்டது.
பருப்பு பதினைந்தில் தீர்ந்திருந்தது.
நடுவில் இரண்டு நாள்.
அதைக் கட்டிலுக்கு அடியிலும் எழுதவில்லை.

இந்தச் சனிக்கிழமை என் நாற்பதோடு
தில்ஷாத்தின் முப்பது.
மொட்டை மாடியில் பழைய புடவை விரித்துப்
பொட்டலங்களைக் காயப் போட்டிருக்கிறோம்.
ஈரம் விட்டால் இன்னொரு தரம் ஆகுமாம்.
காக்கா ஒன்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது,
படிக்கத் தெரிந்த மாதிரி.