ஐந்தாம் விண்ணப்பம்

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்து
ஜெராக்ஸ் கடையில் என் பிழைப்பு.
ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பம் அடிப்பேன்,
பட்டா மாற்றம், விதவை உதவித்தொகை,
தொலைந்துபோன ரேஷன் கார்டு.
போன மாதம் ஒருத்தருக்கு
கடலூர் என்று அடிக்கப் போய்
கடனூர் என்று விழுந்துவிட்டது.
திருத்தச் சொல்வார் என்று பார்த்தேன்.
இரண்டு தரம் படித்துவிட்டு
"சரியாத்தானே இருக்கு" என்று
இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போனார்.

சிரித்தேன்.
சிரிப்பு பாதியில் தொண்டையில் நின்றது.

ரூபாவதிக்காக நான் போட்ட கையெழுத்து
முப்பத்தெட்டாயிரம்.
மகளிர் குழு, செவ்வாய்தோறும் தவணை.
ஏழு செவ்வாய் கட்டினாள்.
எட்டாவது செவ்வாய் போனை எடுக்கவில்லை.
ஒன்பதாவதிலிருந்து
வசூல் பையன் என் வாசலில்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான்.
கம்மல் முதுநகர் அடகுக் கடைக்குப் போயிற்று.
யேசடியான் ஒன்றும் கேட்கவில்லை.
என் காதைப் பார்த்தார், சோற்றைப் பிசைந்தார்.
கேட்டிருந்தால் தேவலை.

அவளோ ஞாயிறு தவறாமல் வருகிறாள்.
எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்,
ஈரத் தலையில் முக்காடு போட்டு.
இறால் கம்பெனி வாடை
பவுடரை மீறி வரும்.
கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சபையே சொல்கிறது.
அப்பம் வரைக்கும் நானும் சொல்வேன்.
அடுத்தது கடன்.
அங்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
எல்லாரும் தாண்டிப் போன பிறகு
ஓடிப் போய்
சோதனையில் சேர்ந்துகொள்வேன்.

திடப்படுத்தல் வகுப்பில், பதினாலு வயதில்,
ஐந்தாம் விண்ணப்பத்தைப் பொருளோடு ஒப்பித்து
பென்சில் பெட்டி வாங்கினவள் நான்.
அப்போது எனக்கு
யாரும் எதுவும் தர வேண்டியதில்லை.

ஆண்டவரே, உமக்கென்ன,
பரலோகத்தில் செவ்வாய்க்கிழமை உண்டா?
இதைக் கேட்டது பாத்திரம் தேய்க்கையில்.
பதில் வரவில்லை.
குழாயில் தண்ணீர்தான் நின்றது.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
கோயிலில் பாதிக் கூட்டம்.
திருவிருந்துக்கு முழங்காலிட்டால்
பக்கத்தில் அவள்.
எழுந்து போக முடியாது,
ஐயர் தட்டோடு வந்துகொண்டிருக்கிறார்.
அவள் நீட்டிய கையைப் பார்த்தேன்.
ஐஸில் ஊறி ஊறி
விரல் நுனிகள் வெள்ளையாய்ப் பிளந்திருந்தன.
ரேகையே இல்லை.
இந்த விரலை
ரேஷன் கடை மிஷின் ஒப்புக்கொள்ளாது
என்று முதலில் தோன்றியது,
தொழில் புத்தி.
இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய்.
கோபம்தான் வந்தது,
சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று.

ஒரே கிண்ணம்.
அவள் வாய் வைத்த இடத்தைத்
துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி
எனக்குக் கொடுத்தார்.

வெளியே சாய்மழை.
இருந்த ஒரே குடை என்னுடையது.
"செவ்வாய்க்கு இருநூறாவது கொண்டா" என்றேன்.
தலையாட்டினாள்.
பஸ் நிறுத்தம் வரைக்கும் பேச்சில்லை.
பஸ்ஸைக் கண்டதும்,
"ரேஷனுக்குக் கைரேகை விழலைன்னா கடைக்கு வா,
விண்ணப்பம் அடிச்சுத் தரேன். காசு வேணாம்."

இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.
நோட்டில் அவள் கணக்கை நான் அடிக்கவில்லை.

ராத்திரி ஊரெல்லாம் கரண்டு போயிற்று.
பாயில் உட்கார்ந்து யேசடியான் ஜெபத்தைத் தொடங்கினார்.
அந்த வரி வந்தபோதுதான் கவனித்தேன்,
தமிழில் நாம் மன்னிப்பது முதலில் வருகிறது,
அவர் மன்னிப்பது பின்னால்.
முன்பாதியை மிதிக்காமல்
பின்பாதிக்குப் போக வழியில்லை.
நான் நின்றுவிட்டேன்.
அவரும் நிறுத்திவிட்டு
இருட்டில் காத்திருந்தார்.
எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி
ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

பாதி வரியில் கரண்டு வந்தது.
நான் கண்ணைத் திறக்கவில்லை.